இரண்டு சங்குக்கு நடுவில்

மேல் ஸ்தாயி 'ச' என்று காட்ட அந்த எழுத்தின் தலைக்கு மேல் ஒரு புள்ளி வைக்க வேண்டும். தமிழில் 'ச'வின் தலையில் புள்ளி வைத்தால் அது வேறு எழுத்தாகிவிடும் என்பது, இசை எழுதும் மென்பொருளைச் செய்த அந்தப் புண்ணியவான்களுக்குத் தெரியவில்லை. நான் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பக்கத்தில் டி.டி.பி. கடை வைத்திருப்பவள். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி என்று இந்த ஊரின் நல்லது கெட்டது எல்லாம் என் விரல் வழியாக எழுத்தாகிப் போனவை. எழுத்து உடைந்திருப்பதைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. ஒரு பாட்டை எழுதி வைக்க மென்பொருள் தேடிக் கிளம்பியவள், போயும் போயும் ஒரு புள்ளியோடு சண்டைக்கு நின்றேன்.

பாட்டு என்னுடையது இல்லை. இராஜபாளையத்தில் இருக்கும் என் அண்ணனுடையது. அதற்கு வார்த்தை கிடையாது, பெயர் கிடையாது. மாண்டலினில் அவன் விரல் தானாகப் போட்டுக்கொண்ட மெட்டு. அவன் வாசித்து எங்கள் தெரு கேட்டதோடு சரி. அண்ணன் பஞ்சாலையில் ஸ்பின்னிங் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆயுசில் பாதியை அந்த இரைச்சலுக்குள் கழித்தவனுக்குக் காது என்ன கல்லிலா செய்திருக்கும்? காது டாக்டர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். இடது பக்கம் ஒழுங்காகப் போன கோடு வலது பக்கம் போகப் போகச் சரிந்து விழுந்தது. கீச்சென்ற சத்தமெல்லாம் போய்விட்டது, கனத்த சத்தம் மிச்சமிருக்கிறது, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும் என்றார். அவர் கொடுத்த காது மிஷினை அண்ணன் போட்டுக்கொள்கிறான். மதினி பேச ஆரம்பித்ததும் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறான்.

அந்த வாரமே மாண்டலினை எடுத்து வந்து என் மடியில் வைத்துவிட்டான்.

"மேல் கம்பி கேக்க மாட்டேங்கு, ஏட்டி. கேக்காதத என்னத்துக்கு வாசிக்க? நீயே வச்சுக்க."

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. எனக்கு இரண்டும் எப்போதும் சேர்ந்தேதான் வரும்.

போனில் பதிந்து வைத்தால் போதாதா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். எந்தக் கோட்டைக்கும் நேர்வழி ஒன்று இருக்கும் என்று நம்புகிறவர். அதையும் செய்து பார்த்தேன். அண்ணன் பாதி வாசித்து, மேல் கம்பிக்குப் போன இடத்தில் நின்று, கையை உதறிவிட்டு எழுந்து போய்விட்டான். அப்போதுதான் முடிவு செய்தேன். அவன் காதில் மிச்சம் இருப்பது தீர்ந்துபோவதற்குள் அந்தப் பாட்டை முழுசாக எழுதி, அவனுக்கு ஒலிக்கவிட்டு, 'இதுதான்' என்று அவன் வாயால் ஒரு சொல் வாங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு நான் அதைப் பார்த்து வாசிக்கக் கற்றுக்கொள்வேன். ஐம்பது தாண்டியவளுக்கு எதற்கு இந்த ஆசை என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் பதில் சொல்லவில்லை. என் கடைக்கு வருகிறவர்களிடம் அறுபதாம் கல்யாணம் எதற்கு என்று நான் கேட்கிறேனா?

அந்தப் பாட்டு என் காதில் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் வீடு மில்லுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. அண்ணன் இன்றும் அங்கேதான் இருக்கிறான். ஷிப்டு மாறும்போது மில்லில் இரண்டு சங்கு ஊதும். சங்கு என்று நாங்கள் சொல்வது மில் கூரையில் இருக்கிற சைரனை. முதல் சங்கு உள்ளே போக வேண்டியவர்களைக் கிளப்புவதற்கு. கொஞ்ச நேரம் கழித்து ஊதும் இரண்டாம் சங்கு, உள்ளே இருப்பவர்களை வெளியே விடுவதற்கு. ஊரே அதற்குத்தான் நடக்கும். முதல் சங்குக்கு அடுப்பு மூட்டுகிற வீடுகள் உண்டு. இரண்டாம் சங்குக்குப் பிள்ளைகள் முகம் கழுவி நிற்க வேண்டும் என்று சட்டம் போட்ட வீடுகளும் உண்டு.

அம்மா அந்த மில்லில் நூல் சுற்றும் பகுதியில் இருந்தாள். மத்தியானம் முதல் சங்கு ஊதும்போது அண்ணன் மாண்டலினை மடியில் போட்டுக்கொண்டு கம்பியை முறுக்குகிற சாவியைத் திருகிக்கொண்டிருப்பான். மில்லுக்குப் போகிற ஆள் மாதிரி என்ன பரபரப்பு என்று பக்கத்து வீட்டில் கேலி செய்வார்கள். இரண்டாம் சங்கு ஊதி அடங்கியதும் வாசிக்க ஆரம்பிப்பான். பவுடர் டப்பா மூடியை வெட்டிச் செய்த சின்னத் தகட்டால்தான் மீட்டுவான். முதல் நாலு சத்தம் கேட்டதுமே எனக்குக் கால் தரையில் நிற்காது. அம்மா வருகிறாள் என்று அர்த்தம். ஓடிப்போய்த் தெருமுனையில் நிற்பேன். வருகிற பெண்கள் எல்லாருக்கும் தலையில் பஞ்சு இருக்கும், அதில் எங்கள் அம்மா எது என்று தேடுவேன். அவள் கையிலிருந்து தூக்குவாளியைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடப்பேன். வீட்டுக்கு வந்ததும் அவள் புருவத்தில் ஒட்டிய பஞ்சை எடுப்பது என் வேலை. அவள் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டுவாள். அந்த முகத்தை நினைத்தால் இன்றும் என் விரல் நுனி அரிக்கிறது.

சரி, மென்பொருளுக்கு வருகிறேன்.

முதலில் போட்டது, உலகமெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்று எல்லாரும் சொன்ன ஒன்று. ஐந்து கோடு போட்டு அதில் புள்ளி வைத்து எழுதுவது. அச்சு என்னமோ அழகுதான், குறை சொல்ல மாட்டேன்; அந்தக் கோடுகளின் மெலிவைப் பார்த்தே அதைச் செய்தவனுக்குக் கண் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். ஆனால் திறந்ததுமே குறி என்ன, தாளம் என்ன, எந்த ஸ்கேல் என்று கேள்வியாய்க் கேட்டது. பதில் சொல்லும் அளவுக்குப் படித்திருந்தால் நான் எதற்கு உன்னிடம் வருகிறேன்? ஒரு மாதம் இணையத்தில் பாடம் பார்த்து ஒரு வரி எழுதி அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவன் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் மேல் என்று கேட்டான்.

இரண்டாவது, நம் ஊர் ஸ்வரத்துக்கென்றே செய்தது. புள்ளிச் சண்டை நடந்தது இதனோடுதான். அந்தச் சண்டையை என் கடை எழுத்துருவை வைத்து ஒரு மாதிரி தீர்த்துக்கொண்டேன். தாளக் கோடெல்லாம் அதுவே போட்டது, வீணை மாதிரி ஒலித்தது. ஆனால் முதல் கட்டத்திலேயே ராகம் எது என்று கேட்டு ஒரு பட்டியலை நீட்டியது. அண்ணனிடம் கேட்டேன். "ராகமா? மில்லுத் தெரு ராகம்னு போடு" என்றான். கண்ணை மூடிக்கொண்டு ஒரு ராகத்தைத் தேர்ந்தெடுத்தேன். பாட்டில் பாதி ஸ்வரம் அந்த ராகத்தில் இல்லாதவை என்று அது சிவப்புக் கோடாகப் போட்டுத் தள்ளியது. அண்ணனின் பாட்டுக்கு அடியில் சிவப்புக் கோடு போட இந்த மிஷினுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று எனக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

மூன்றாவது பார்க்கவே சகிக்காது. எழுத்து ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. நிறம் பழைய பஸ் டிக்கெட் மாதிரி. என் கடையில் யாராவது இப்படி ஒரு பத்திரிகை அடித்திருந்தால் அன்றைக்கே அனுப்பியிருப்பேன். ஆனால் அது ஸ்வரமும் கேட்கவில்லை, ராகமும் கேட்கவில்லை. மாண்டலினில் இரண்டு இரண்டாக நாலு சோடிக் கம்பி. திரையில் அந்த நாலுக்கும் நாலு கோடு. எந்தக் கம்பியில் எத்தனையாவது கட்டத்தில் விரல் வைக்க வேண்டுமோ அந்த எண்ணைக் கோட்டின் மேல் எழுதினால் முடிந்தது, அதுவே வாசிக்கும். மாண்டலின் கழுத்தில் பித்தளைப் பட்டைகளுக்கு நடுவில் இருக்கும் இடத்தை அண்ணன் கட்டம் என்றுதான் சொல்வான். திரையைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. சத்தமே எழுப்பாமல் விரலை மட்டும் கழுத்தில் வைத்து வைத்துக் காட்டினான். அவன் காது மறந்ததை விரல் மறக்கவில்லை. நான் எண்ணை அடித்துக்கொண்டே போனேன். மதினி பக்கத்தில் பேண்டேஜ் துணி மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உள்ள பேண்டேஜ் கம்பெனிக்காக வீட்டில் செய்து கொடுக்கிற வேலை அது. "ரெண்டு பேரும் சத்தமில்லாம என்னத்தக் கச்சேரி பண்ணுதீக?" என்று கேட்டுவிட்டு அவர்பாட்டுக்கு மடித்தார்.

முழுசாக எழுதி முடித்து, கடையிலிருந்து நல்ல ஸ்பீக்கர் ஒன்றை எடுத்துக்கொண்டு, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுபோய் ஒலிக்கவிட்டேன். அண்ணன் காது மிஷினைப் போட்டுக்கொண்டு, தலையைச் சாய்த்து உட்கார்ந்து கேட்டான். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் மலரவில்லை.

"இது நம்ம பாட்டு இல்ல" என்றான்.

கட்டத்துக்குக் கட்டம் சரிபார்த்தோம். எல்லாம் அவன் காட்டியதுதான். வேகத்தைக் குறைத்தேன், கூட்டினேன். இல்லை என்றான். என்ன இல்லை என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. "நிக்க வேண்டிய எடத்துல நிக்கல" என்றான். கூடவே கொண்டுபோயிருந்த மாண்டலினை எடுத்துக் காட்டச் சொன்னேன். அதையும் ஒரு தரம் மீட்டிப் பார்த்து, கம்பி சரியில்லை என்று சாவியைத் திருகப் போனான். அதை நான் போனில் உள்ள சுருதி காட்டும் செயலியை வைத்து, பச்சை விளக்கு எரிகிற மட்டும் திருகி, அத்தனை கம்பியையும் சரியாக வைத்திருந்தேன். கையைத் தட்டிவிட்டேன். மிஷின் பொய் சொல்லாது என்று சொன்னேன். சொன்ன பிறகுதான், அப்படியென்றால் அவன் காதுதான் பொய் சொல்கிறது என்று அதற்கு அர்த்தமாகிறது என்பது உறைத்தது. அண்ணன் காது மிஷினைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டான்.

முடிவும் பிடிபடவில்லை. அண்ணன் காட்டிய விரல்கள் ஒரு இடத்துக்குப் போய் மறுபடியும் ஆரம்பத்துக்கே வந்து நின்றன. அதற்குப் பிறகு என்ன என்று கேட்டால், அவ்வளவுதான் என்றான். இந்த மென்பொருளோ கடைசியில் முற்றுக்கோடு போடாத பாட்டைப் பாட்டாகவே ஒத்துக்கொள்ளாது. பாட்டு முடியவில்லை என்று மூலையில் ஒரு மஞ்சள் முக்கோணம் கண்ணைக் குத்திக்கொண்டே இருக்கும். எனக்கோ அந்தப் பாட்டின் முடிவு ஞாபகத்தில் இல்லவே இல்லை. ஆரம்பம் கேட்டதும் தெருமுனைக்கு ஓடியவள் நான். திரும்பி வரும்போது என் கவனமெல்லாம் அம்மா மேல்தான். அதனால் நானே இழுத்து முடிக்கிற மாதிரி ஒரு முடிவைச் செய்து ஒட்டி வைத்தேன்.

கடையில் உட்கார்ந்து மென்பொருளை விதவிதமாகத் திட்டினேன். இது சரியில்லை, முதலில் போட்டதற்கே திரும்பப் போகலாமா, புதிதாக நாலாவது ஒன்று பார்க்கலாமா என்று புலம்பினேன். வீட்டுக்காரர் பேப்பரை மடக்கி வைத்துவிட்டு, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். அன்று இரவு அவருக்கு ரசம் மட்டும்தான்.

உள்ளுக்குள் எனக்குப் பயம். கீச்சென்ற சத்தம் மட்டுமல்ல, கனத்த சத்தமும் அவனுக்குப் போய்விட்டதோ, நான் நேரம் கடத்திவிட்டேனோ என்று. 'இதுதான்' என்ற ஒரு சொல்லை இனி யாரிடம் போய் வாங்குவேன்?

அடுத்த தடவை போனபோது வேண்டுமென்று நேரம் பார்த்துப் போகவில்லை. பஸ் தாமதம், மத்தியானச் சாப்பாடு தாண்டித்தான் போய்ச் சேர்ந்தேன். மடிக்கணினியைக் கட்டிலில் வைத்து, பாட்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்கும்படி விட்டிருந்தேன். அண்ணன் கேட்கிற மாதிரியும் இல்லை, கேட்காத மாதிரியும் இல்லை. வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். மதினி துணியை மடித்துக்கொண்டே, செவிடன் காதில் சங்கு ஊதுகிற வேலையை இந்த மனுஷி விடமாட்டாள் போலிருக்கிறது என்று என்னைத்தான் சொன்னார். அவனுக்குக் கேட்கவில்லை, எனக்குத்தான் சுருக்கென்றது.

அப்போது முதல் சங்கு ஊதியது.

இன்றைக்கும் ஊதுகிறது. செட்டியார்பட்டி, தளவாய்புரம் என்று எங்கெங்கோ இருந்து மில் பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் கையிலெல்லாம் போன் இருக்கிறது. சங்கு கேட்டு யாரும் கிளம்புவதில்லை. ஆனாலும் நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூர் போன பிறகு, அந்த நேரத்தில் நான் இந்த வீட்டில் இருந்ததே அபூர்வம். சங்கு அடியிலிருந்து எழும்பி, ஏறி ஏறி, ஒரு இடத்துக்கு வந்ததும் அசையாமல் நின்றது. அது நின்ற மாத்திரத்தில் என் பாட்டு விகாரமாகிவிட்டது. ஸ்பீக்கரிலிருந்து வந்த ஒவ்வொரு சத்தமும் சங்கோடு ஒட்டாமல் உரசி, வவ்வவ் என்று அலையடித்தது. பல் கூசுகிற மாதிரி இருந்தது. அண்ணன் திரும்பினான். ஒரு விரலைக் கூரைக்கு மேலே காட்டினான், பிறகு மடிக்கணினியைக் காட்டினான்.

"அது எங்க நிக்கி, இது எங்க நிக்கி, பாரு" என்றான்.

சங்கு அடங்கியது. நான் பாட்டை நிறுத்தினேன். மாண்டலினுக்குச் சுருதி எதை வைத்துச் சேர்த்தாய் என்று இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவனைக் கேட்டேன். இதைக்கூடவா கேட்பாள் என்கிற மாதிரி என்னைப் பார்த்தான். அந்த மாண்டலினை அவனுக்குக் கொடுத்தவர் அடுத்த தெருவில் இருந்த தெலுங்கு வீட்டுக்காரர். மெல்லிசைக் குழுவில் வாசித்தவர். வேலை மாற்றலாகி ஊரை விட்டுப் போகும்போது கொடுத்துவிட்டு, இரண்டாம் கம்பியை ஏதாவது ஒரு ஆர்மோனியத்தோடு சேர்த்துவிட்டு மற்றதை அதிலிருந்து பிடித்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனாராம். ஆர்மோனியத்துக்கு எங்கே போவது? தினமும் ஒரே இடத்தில் வந்து நிற்கிற குரல் ஊரில் ஒன்றுதான் இருந்தது. முதல் சங்கு ஊதி அடங்குவதற்குள் இரண்டாம் கம்பியை அதோடு சேர்த்துவிடுவான். இரண்டாம் சங்குக்குள் மற்ற கம்பிகளையும் சேர்த்துத் தயாராகிவிடுவான். அவன் சாவியைத் திருகிய பரபரப்புக்கு அதுதான் காரணம். அவன் காதைக் கெடுத்த மில்தான் அவனுக்குச் சுருதியும் கொடுத்தது என்று எனக்கு அப்போது தோன்றியது. சிரிப்பதா, அந்தக் கூரை மேல் கல்லை விட்டு எறிவதா என்று தெரியவில்லை.

சங்கு நிற்கிற இடம் உலகத்து ஆர்மோனியம் எதிலும் இல்லை. இரண்டு கட்டைகளுக்கு நடுவில் உள்ள சந்தில் நிற்கிறது. ஐந்து கோட்டு மென்பொருளைத் திறந்தேன். சுருதியை இறக்கினால் ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு ஒரேயடியாகக் குதித்தது. ஸ்வர மென்பொருளைத் திறந்தேன். ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று அரைக் கட்டைக்குக் கீழே அதனிடம் பேரமே கிடையாது. கடைசியாக அந்த அவலட்சணத்தைத் திறந்தேன். அதில் ஒரு ஓரத்தில், ஒட்டுமொத்தச் சுருதியை ஒரு மயிரிழை ஏற்றவும் இறக்கவும் ஒரு சின்னப் பெட்டி உண்டு. இதை எவன் தொடப் போகிறான் என்று முதல் நாளே நான் இளக்காரமாகப் பார்த்துவிட்டு விட்ட பெட்டி. இரண்டாம் கம்பியின் சத்தத்தை மட்டும் நீளமாக ஒலிக்கும்படி வைத்துவிட்டு, அந்தப் பெட்டியில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மதினி கூட மடிப்பதை நிறுத்திவிட்டார்.

இரண்டாம் சங்கு ஊதியது. அதே இடத்துக்கு ஏறி நின்றது. அலையடித்தது. நான் ஒவ்வொரு எண்ணாகக் குறைத்தேன். அலை மெதுவானது. இன்னும் குறைத்தேன். இன்னும் மெதுவானது. பிறகு அலையே இல்லை. ஸ்பீக்கர் ஒலிக்கிறதா என்றுகூடத் தெரியாத மாதிரி சங்குக்குள் அது கரைந்துவிட்டது. பாட்டை ஆரம்பத்திலிருந்து விட்டேன். சங்கு அடங்கிய தெருவில் அந்த முதல் நாலு சத்தம் எழுந்தபோது, சொன்னால் சிரிப்பீர்கள், நான் தெருமுனையைப் பார்த்தேன்.

"இதாம்" என்றான் அண்ணன். "இதாம், ஏட்டி. இதாம்."

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வாங்க வந்ததை வாங்கிவிட்டேன் என்று எழுந்தேன். பாட்டு ஓடி, நான் செய்து ஒட்டிய முடிவுக்கு வந்தது. அண்ணன் புருவத்தைச் சுளித்தான்.

"அந்தக் கடைசி என்னது?"

"முடிவு. நீ சொல்லல, நானே போட்டேன். பொறவு எங்கதான் அண்ணே முடியும் இது?"

அவன் சிரித்துவிட்டான். "அதுக்கு ஏது முடிவு? அம்மா வாசலுக்கு வந்ததும் நிப்பாட்டுவேன். கீரைக்காரிகிட்ட நின்னு பேசினா ரெண்டு சுத்து கூட வரும். நேரா வந்துட்டா சீக்கிரம் நிக்கும். அம்புட்டுதான்."

எத்தனை நாள் அந்தத் தெருமுனைக்கு ஓடியிருக்கிறேன். அவள் கீரைக்காரியிடம் நின்றபோது தூக்குவாளியை ஆட்டிக்கொண்டு நானும்தான் பக்கத்தில் நின்றேன். எங்களுக்காக அங்கே ஒரு பாட்டு நீண்டுகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அம்மா அதைப் பற்றி ஒரு நாளும் எதுவும் சொன்னதில்லையே என்று கேட்டேன்.

"அம்மாவுக்குக் கேட்டிருக்காது" என்றான். "ஷிப்டு முடிஞ்சு வெளிய வந்தா செத்த நேரம் காதுக்குள்ள இரைஞ்சிக்கிட்டே இருக்கும், ஒண்ணும் கேக்காது. நானும் மில்லுக்குப் போன பொறவுதான் எனக்கே தெரியும்."

"கேக்காமயா அம்புட்டு நாளும் வாசிச்ச?"

"கையப் பாக்கும். வாசல்ல நின்னு என் கையவே பாக்கும். பாத்துட்டுச் சிரிக்கும். நான் நிப்பாட்டிருவேன்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் ஒட்டிய முடிவை அழித்தேன். முற்றுக்கோடு இருக்க வேண்டிய இடத்தில், மறுபடியும் முதலிலிருந்து என்கிற குறியைப் போட்டேன். மஞ்சள் முக்கோணம் போய்விட்டது. அந்த மென்பொருளைத்தான் வைத்துக்கொண்டேன். அதன் எழுத்துரு இன்னும் என் கண்ணுக்கு ஆகாது. ஆனால் அதை யாராவது குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது.

பிறகு கற்றுக்கொண்டேன். விரல் நுனி புண்ணாகி, காய்த்து, மறுபடி புண்ணாகி, கடையில் தட்டச்சு செய்யும்போது ஒவ்வொரு எழுத்தும் சுள்ளென்றது. வீட்டுக்காரர் முதலில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார், அப்புறம் எடுத்துவிட்டார். திரையில் அந்த எண்கள் நகர, அதன் பின்னால் நான் தடவித் தடவிப் போனேன். ஒரு நாள் திரை இல்லாமலே போக முடிந்தது.

போன வாரம் அண்ணன் வீட்டுக்கு மாண்டலினோடு போனேன். பச்சை விளக்குச் செயலியைத் தொடவில்லை. அண்ணன் இப்போது காது மிஷின் போடுவதில்லை. பெரிசாகப் பிரயோசனம் இல்லை என்று மதினிதான் சொன்னார், அவன் முன்னாலேயே, சாதாரணக் குரலில். முதல் சங்கு ஊதியதும் சாவியைத் திருகினேன். அவசரத்தில் கை வழுக்கியது. ஆனாலும் அது அடங்குவதற்குள் கம்பி சேர்ந்துவிட்டது. மற்ற கம்பிகளை நிதானமாகச் சேர்த்தேன். இரண்டாம் சங்கு ஊதி ஓய்ந்ததும் வாசித்தேன்.

ஒரு சுற்று போனது. இரண்டாம் சுற்றில் ஒரு இடம் தப்பியது, சமாளித்தேன். தெருவில் மில் விட்டு வந்த பெண்கள் பேசிக்கொண்டு போனார்கள். அண்ணன் எனக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் சுற்றின் நடுவில் சிரித்தான்.

நான் நிறுத்தினேன்.